பவர் வீடர் துள்ளுதா, இழுக்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த மூணு இடத்தைப் பாருங்க!

முந்தாநாள் நல்ல மழை. மண் இப்போதான் பதத்துக்கு வந்திருக்கு. நீங்களும் லீவு போட்டுட்டு ஊருக்கு வந்தாச்சு. அப்பா விதையை எடுத்து வெச்சுட்டார். கொட்டகையில மூணு மாசமா சும்மா நின்ன பவர் வீடரை வெளியே தள்ளி, கயிற்றைப் பிடிச்சு ஒரு இழு... ரெண்டு இழு... இருபது இழு. தோள்பட்டை வலிதான் மிச்சம். ஒருவழியா ஸ்டார்ட் ஆனாலும், மண்ணைக் கிளறாம கன்னுக்குட்டி மாதிரி துள்ளிக்கிட்டு ஓடுது. பத்தே நிமிஷத்துல கை ரெண்டும் மரத்துப்போகுது.

'இந்த மெஷினே சரியில்லப்பா' என்று ஒதுக்கிவைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சும்மாவா சொன்னார்கள்? மழைக்குப் பிறகு மண் பதமாக இருப்பது சில நாள்கள்தான். அந்த நாள்களில் மெஷின் படுத்துக்கொண்டால், நஷ்டம் சர்வீஸ் பில்லோடு முடியாது. ஒரு பட்டமே தள்ளிப்போகும்.

ஆனால், ஒரு நல்ல செய்தி. துள்ளுவது, இழுப்பது, தோண்டாமல் ஓடுவது போன்ற பிரச்னைகளுக்குப் பெரும்பாலும் இன்ஜின் காரணமே இல்லை. ஆழக் கம்பி, கத்தி, கிளட்ச் கேபிள்... இந்த மூன்றும் சரியாக இல்லாததுதான் காரணம். மூன்றையும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் சரிசெய்யலாம்.

இந்தக் கட்டுரை, நம்ம ஊர்த் தோட்டங்களில் அதிகம் பார்க்கிற வகையைப் பற்றியது. சுமார் 200 சிசி, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே அச்சில் கத்திகளை மாட்டி ஓட்டும் மெஷின். உங்களுடையது டீசல் என்றாலோ, கத்திகள் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வகை என்றாலோ, உங்கள் மேனுவலைப் பாருங்க.

1. ஆழக் கம்பி: இதுதான் உங்க பிரேக்

மெஷினின் பின்பக்கம், நடுவில், மண்ணுக்குள் இறங்கும்படி ஒரு இரும்புக் கம்பி இருக்கும். மேலும் கீழும் சில ஓட்டைகள், ஒரு பின். 'இது எதுக்கு?' என்று கழற்றி மூலையில் போட்டவர்கள் நிறைய பேர். மெஷின் துள்ளுவதற்கு முதல் காரணமே அதுதான்.

இந்த வகை மெஷினில் கத்திதான் மண்ணைக் கிளறுகிறது. அதே கத்திதான் சக்கரம் மாதிரி மெஷினை முன்னால் இழுத்துக்கொண்டும் போகிறது. பின்னால் பிடித்துவைக்க ஒன்றும் இல்லையென்றால், மண்ணைத் தோண்டாமல் அதன் மேலேயே உருண்டு ஓடும். ஆழக் கம்பி மண்ணில் ஊன்றி, அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ஓட முடியாத கத்தி, வேறு வழியில்லாமல் கீழே தோண்டுகிறது.

* கம்பியைக் கீழே இறக்கினால்: மெஷின் மெதுவாகப் போகும், ஆழமாகக் கிளறும்.
* கம்பியை மேலே ஏற்றினால்: வேகமாகப் போகும், மேலாகக் கிளறும்.
* நின்ற இடத்திலேயே குழி தோண்டுதா? கம்பி ரொம்ப இறங்கியிருக்கு. ஒரு ஓட்டை மேலே ஏத்துங்க.
* உங்களை இழுத்துக்கிட்டு ஓடுதா? ஒரு ஓட்டை கீழே இறக்குங்க.

ஓட்டும்போதும் இதே கணக்குதான். கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தினால் கம்பி மண்ணில் ஊன்றும், வேகம் குறையும். லேசாகத் தூக்கினால் மெஷின் முன்னால் நகரும். முழு பலத்தோடு மெஷினைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், கம்பி தப்பான ஓட்டையில் இருக்கிறது என்று அர்த்தம். உங்க கை செய்யுற வேலையை அந்தக் கம்பி செய்யணும்.

கைப்பிடி உயரத்தையும் அப்படியே விடாதீங்க. மெஷின் மண்ணில் இறங்கி நிற்கும்போது கைப்பிடி ஏறக்குறைய உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கணும். அப்பாவுக்கு வைத்த உயரத்தில் நீங்கள் ஓட்டினால், சாயங்காலம் முதுகு கேள்வி கேட்கும்.

இன்னொரு விஷயம். இறுகிப்போன நிலத்தில் முதல் ஓட்டத்திலேயே அரை அடி போகணும்னு நினைக்காதீங்க. முதலில் ரெண்டு, மூணு அங்குலம் மேலாக ஓட்டுங்க. அடுத்த ஓட்டத்தில் கம்பியை இறக்கி, முதல் ஓட்டத்துக்குக் குறுக்காகப் போங்க. களை எடுக்க மட்டும் என்றால் ரெண்டு அங்குலமே போதும். வாழை, மஞ்சள் மாதிரி பயிர்களின் வேர் மேலாகவே பரவியிருக்கும். ஆழமாக ஓட்டினால் களையோடு வேரும் போகும்.

மண்ணுக்கு ஒரு டெஸ்ட்

மெஷினை இறக்கும் முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடிங்க. இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போடுங்க. உதிர்ந்தால் ஓட்டலாம். களிமண் பொம்மை மாதிரி அப்படியே கிடந்தால் இன்னும் ஈரம் அதிகம், காத்திருங்க. உருண்டையே பிடிக்க வராமல் பொடியாகப் போனால் ரொம்பக் காய்ந்துவிட்டது. கரிசல் மண்ணில் அவசரப்பட்டு ஈரத்தில் ஓட்டினால், கத்தி முழுக்க மண் அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு நிலம் கல் மாதிரி கட்டி கட்டியாகக் கிடக்கும். செம்மண் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. மழை விட்டதும் சீக்கிரமே பதத்துக்கு வந்துவிடும்.

2. கத்தி: எந்தப் பக்கம் பார்க்குது?

கத்தி செட் இரண்டு இருக்கும்: இடது ஒன்று, வலது ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், கழற்றி மாட்டும்போது மாறிப்போவது சகஜம். மாறினால் என்ன ஆகும்? கூரான விளிம்புக்குப் பதிலாக மொட்டை முதுகுப் பக்கம் மண்ணில் மோதும். இன்ஜின் முக்கும், மெஷின் குதிக்கும், மண்ணில் கீறல் மட்டும் விழும்.

கண்டுபிடிக்க ஈஸியான வழி இருக்கு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, அச்சுக்கு மேலே நிற்கிற கத்தியைப் பாருங்க. அதன் கூர்மையான விளிம்பு, மெஷின் முன்னால் போகும் திசையைப் பார்த்திருக்கணும். பின்னால் பார்த்தால் இடதும் வலதும் மாறியிருக்கு. அடுத்த முறை கழற்றும் முன் மொபைல்ல ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. இதைவிட நல்ல மேனுவல் கிடையாது.

கத்தியில் கவனிக்க வேண்டிய மற்றவை:

போல்ட்டுகள்: புதுக் கத்தி மாட்டினால், ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்குங்க. அதிர்வில் முதலில் தளர்வது இவைதான். அச்சில் செருகும் பின்னுக்குப் பதிலாக ஆணியை மடக்கிச் செருகும் பழக்கம் வேண்டாம். அது அறுந்தால் கத்தி செட்டே கழன்று வரும்.

தேய்மானம்: கத்திக்கு சவரக்கத்தி மாதிரி கூர் தேவையில்லை. ஆனால் தேய்ந்து அகலம் பாதியாகிவிட்டால் மாற்றிவிடுங்க. ஒரு கத்தியை மட்டும் மாற்றினால் எடை சமன் இல்லாமல் மெஷின் ஆடும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவது நல்லது.

அகலம்: வரிசைக்கு நடுவில் இடம் குறைவா? பெரும்பாலான மாடல்களில் வெளிப்பக்கக் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்கலாம். ஓரத்தில் மாட்டும் வட்டத் தகடு இருந்தால், அதைத் திரும்ப மாட்ட மறக்காதீங்க. பயிரின் இலையும் வேரும் கத்தியில் சிக்காமல் காப்பது அதுதான்.

சுற்றிக்கொண்ட புல்: அறுகம்புல், சாக்குக் கயிறு, பிளாஸ்டிக் கவர், சொட்டுநீர்க் குழாய்... கத்தி அச்சில் சுற்றிக்கொள்ளாத பொருளே இல்லை. அப்படியே விட்டால், அது இறுகி உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துவிடும். அதன் பிறகு கியர் பாக்ஸில் இருந்து ஆயில் கசியும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரு அரிவாளை வைத்து அறுத்து எடுங்க. எப்படி எடுக்கணும் என்பதைக் கீழே சொல்கிறேன். அதைப் படிக்காமல் கையை விடாதீங்க.

3. கிளட்ச் கேபிள்: விட்டால் நிக்கணும்

மூன்றில் முக்கியமானது இதுதான். முதல் இரண்டும் தப்பானால் வேலை கெடும். இது தப்பானால் கால் போகும்.

பெல்ட் வகை மெஷின்களில், கைப்பிடியில் இருக்கும் லீவரை அமுக்கினால் கேபிள் ஒரு சின்ன புல்லியை இழுத்து வி-பெல்ட்டை இறுக்கும், கத்தி சுற்றும். லீவரை விட்டால் பெல்ட் தளரும், கத்தி நிற்கும். நீங்கள் தடுமாறி விழுந்தால், கை தானாக லீவரை விட்டுவிடும், கத்தி நின்றுவிடும். உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. (சில கியர் மாடல்களில் பைக் கிளட்ச் மாதிரி, அமுக்கினால்தான் கத்தி நிற்கும். உங்கள் மெஷின் எந்த வகை என்பதை முதல் நாளே தெரிஞ்சுக்கோங்க; வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவையுங்க.)

ஒவ்வொரு முறை வேலைக்கு இறங்கும் முன்னும் இந்த டெஸ்ட்டைச் செய்யுங்க. வெட்டவெளியில், முன்னால் யாரும் இல்லாமல், இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்க. லீவரைத் தொடாத நிலையில் கத்தி அசையவே கூடாது. மெதுவாக அமுக்கினால் சுற்றணும். விட்டதும் நிக்கணும்.

*லீவரைத் தொடாமலே கத்தி சுற்றுதா?* கேபிள் ரொம்ப இறுக்கமாக இருக்கு. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கேபிள் முனையில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை அரைச் சுற்று தளர்வாகத் திருப்புங்க. லாக் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்க. சரியாகும் வரை மண்ணில் இறக்க வேண்டாம். கேபிள் இல்லாத, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மட்டும் சுற்றும் சின்ன ரெண்டு ஸ்ட்ரோக் மெஷின் என்றால், இன்ஜினின் ஐடிலிங் வேகம் கூடியிருக்கலாம், அதைக் குறைக்கணும்.

*லீவரை முழுசா அமுக்கியும் கத்திக்குப் பலம் இல்லையா?* கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது பெல்ட் தேய்ந்திருக்கும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம். அட்ஜஸ்டரை இந்த முறை இறுக்கமாகத் திருப்புங்க. எவ்வளவு இறுக்கியும் வழுக்கினால் பெல்ட்டை மாத்திடுங்க.

காதாலேயே ஒரு டயக்னோசிஸ் செய்யலாம். மண்ணில் இறங்கியதும் இன்ஜின் சத்தம் அப்படியே இருந்து, கத்தி மட்டும் மெதுவானால் கோளாறு பெல்ட்டிலோ கேபிளிலோ இருக்கு. இன்ஜின் சத்தமே இறங்கி, திணறி அணைந்தால், ஒன்று ஆழம் அதிகம்; இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். கை வலிக்குதுனு லீவரைக் கயிற்றாலோ, டியூப் ரப்பராலோ கட்டிவெச்சு ஓட்டாதீங்க. கை வலித்தால் அஞ்சு நிமிஷம் நிழல்ல உட்காருங்க. கட்டிவைத்த லீவர், நீங்கள் விழுந்த பிறகும் கத்தியைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும்.

இன்ஜினுக்கு என்ன செய்யணும்?

இனி இன்ஜின். இதுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. மணிக்கணக்கு மட்டும் வேணும். எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்பதை மொபைல் நோட்ஸில் எழுதிவையுங்க. இந்த 200 சிசி வகை இன்ஜின்களுக்குப் பொதுவான கணக்கு இது:

ஒவ்வொரு முறையும்: இன்ஜின் ஆயில் அளவு. மெஷினைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்க. சாய்வாக நின்றால் அளவு தப்பாகக் காட்டும். புது மெஷின் என்றால் கூடுதல் கவனம் வேணும்: பல மெஷின்கள் ஆயில் ஊற்றாமலேயே பெட்டியில் வரும். பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால், முதல் நாளே இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

முதல் 20 மணி நேரத்தில்: முதல் ஆயில் மாற்றம். புது பாகங்கள் உரசி உதிர்ந்த இரும்புத் தூள் இந்த ஆயிலில்தான் இருக்கும். இதைத் தள்ளிப்போடாதீங்க.

50 மணி நேரம்: ஏர் ஃபில்டர் சுத்தம். இது நல்ல சூழலுக்கான கணக்கு. கோடையில் புழுதி பறக்க ஓட்டினால், தினமும் திறந்து பாருங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டணும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டித் தூசியை எடுங்க, அழுக்கு போகவில்லையென்றால் மாத்துங்க. பெட்ரோலில் கழுவும் பழக்கம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து. ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் புழுதி நேராக உள்ளே போய் பிஸ்டனை அரைத்துவிடும்.

100 மணி நேரம் அல்லது 6 மாதம்: இன்ஜின் ஆயில் மாற்றம். சுமார் 600 மில்லி பிடிக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் முழுசா இறங்கும். கை சுடாமல் பார்த்துக்கோங்க. அதே நேரத்தில் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கரியைத் துடைத்து, இடைவெளியைப் பாருங்க. பொதுவாக 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்கணும். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீங்க. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்க.

கியர் பாக்ஸ் ஆயில்: இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்ஜின் ஆயில் வேறு, கியர் ஆயில் வேறு. எந்த ஆயில், எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் இருப்பதையே ஊற்றுங்க. மெஷினுக்குக் கீழே தரையில் ஆயில் சொட்டு தெரிந்தால், முதலில் கத்தி அச்சைப் பாருங்க.

வால்வு இடைவெளி, கார்பரேட்டரைப் பிரிப்பது போன்றவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்க. யூடியூப் பார்த்துக் கழற்றுவது ஈஸி. திரும்ப மாட்டும்போதுதான் கை நடுங்கும்.

மூணு மாசம் கழிச்சும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆக...

ஆரம்பத்தில் சொன்ன அந்த இருபது இழுப்புக்கு வருவோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மாசக்கணக்கில் நின்றால், பெட்ரோல் கெட்டு, கார்பரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசின் மாதிரி படியும். அதன் பிறகு எத்தனை முறை இழுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் இதைச் செய்யுங்க:

* டேங்க்கில் இருக்கும் பெட்ரோலைக் காலி செய்யுங்க. அது புதுசு என்றால் பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம்.
* பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்க. கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்க. இன்ஜின் ஆறிய பிறகு, நெருப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யணும்.
* கயிற்றை மெதுவாக இழுத்து, இறுக்கம் வரும் இடத்தில் நிறுத்துங்க. அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும். உள்ளே ஈரக்காற்று போகாது.
* கத்தியில் மண்ணைத் துடைத்து, கொஞ்சம் ஆயில் தடவுங்க. கேபிள், லீவர் மூட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டு.
* மழை படாத, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்க. பிரஷர் வாட்டரில் கழுவுவதாக இருந்தால் ஏர் ஃபில்டர், சைலன்சர் பக்கம் தண்ணீர் அடிக்காதீங்க.

கையும் காலும் பத்திரம்

புல் சிக்கினால் எடுக்கும் முறை இதுதான். இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. கத்தி முழுசா நிற்கும் வரை காத்திருங்க. ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி ஓரமா வெச்சுடுங்க. அப்புறம்தான் கத்தியில் கை வைக்கணும். பிளக் மூடி கழன்றிருந்தால், கத்தியைத் திருப்பும்போது இன்ஜின் தற்செயலாக உயிர்பெற வாய்ப்பில்லை. மெஷினைச் சாய்க்க வேண்டியிருந்தால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்கணும். தப்பான பக்கம் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் போய், அடுத்த ஸ்டார்ட்டில் தோட்டமே புகைமூட்டமாகிவிடும்.

ரிவர்ஸ் கியரில்தான் அதிக கவனம் வேணும். மெஷின் உங்களை நோக்கி வரும். கத்தி உங்கள் காலை நோக்கி வரும். பின்னால் சுவரோ, மரமோ, வரப்போ இருக்கானு முதல்ல திரும்பிப் பாருங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா குறைங்க. சந்தேகம் இருந்தால் ரிவர்ஸே வேண்டாம். கத்தியை நிறுத்திவிட்டு மெஷினைக் கையால் திருப்புங்க.

செருப்போடு ஓட்டாதீங்க, விரலை மூடும் ஷூ போடுங்க. லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொங்கும் இயர்போன் வயர் எதுவும் வேண்டாம். பாலிஹவுஸ் போன்ற மூடிய இடத்தில் பெட்ரோல் இன்ஜினை ஓட்டினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். மயக்கம் வருவதற்குள் வெளியே வர முடியாமல் போகலாம். 'நானும் ஓட்டுறேன்' என்று வரும் பொடிசுகளை வரப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவையுங்க.

கடைசியா ஒரு 15 நிமிஷம்

அடுத்த மழைக்காகக் காத்திருக்காதீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே மெஷினை வெளியே எடுங்க. கத்தி எந்தப் பக்கம் பார்க்குது, ஆழக் கம்பி இருக்கா, லீவரை விட்டால் நிக்குதா, ஆயில் இருக்கா, பெட்ரோல் பழசா... அஞ்சு கேள்வி, 15 நிமிஷம். மண் பதத்துக்கு வருகிற அன்னைக்கு, ரெண்டே இழுப்பில் மெஷின் ஸ்டார்ட் ஆகும். சாயங்காலம் நீங்கள் கை உதறாமல் காபி டம்ளரைப் பிடிக்கலாம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா அடுத்த முறை மெஷின்ல ஏதாவது சத்தம் வந்தா, முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.